குதிகாலில் ஒரு துளி

ஊசி இறங்கியபோது குழந்தை அழவில்லை. ஒரு மணி நேரத்துக்கு முன் இதே குதிகாலில் குத்தியதற்கு அறையே அதிரக் கத்தியவன், இப்போது உதட்டைக்கூடச் சுளிக்கவில்லை.

மீரா கட்டிலில் கிடந்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள். சிசேரியனுக்கு முதுகில் போட்ட மருந்தில் இடுப்புக்குக் கீழே அவளுக்கு ஒன்றுமே இல்லை. கர்ப்பத்தில் சர்க்கரை ஏறிக் கிடந்தவள் அவள். தொப்புள்கொடியை அறுத்த பிறகு பிள்ளையின் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடலாம், கவனிக்காமல் விட்டால் உயிருக்கே ஆபத்து என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதனால்தான் மணிக்கொரு தடவை இந்தக் குத்தல்.

மலையாளி நர்ஸ் சிஜி, ரத்தத்துளி பட்ட ஸ்ட்ரிப்பைப் பாட்டிலில் அச்சடித்திருந்த நிறங்களோடு வைத்துப் பார்த்தாள்.

"நூத்திப்பத்து. நல்ல நார்மலாக்கும், சேச்சி. பேடிக்கவே வேண்டாம், பயமே வேண்டாம்."

"சமத்துக் கொழந்தை, அழவேயில்லை பாரு!" என்றாள் மீராவின் நாத்தனார் சூடாமணி. மூன்று தடவையும் காலைப் பிடித்து, குதிகாலை அமுக்கி ரத்தம் வரவழைத்துக் கொடுத்தவள் அவள்தான்.

"அக்கா, ஏன் அழலை அவன்?"

"அழுதாலும் குத்தம், அழலேன்னாலும் குத்தமா? பேசாம படுத்துக்கோ."

சிஜி போய்விட்டாள். பிற்பகல் மூன்று மணிக்கே மழை இருட்டிக்கொண்டு வந்தது. கரண்ட் போய், மின்விசிறி ஒரு முனகலோடு நின்று, ஸ்பிரிட்டும் பினாயிலும் ஈரத்துணியும் கலந்த வாடை அறைக்குள் மெல்ல மெல்லக் கனத்தது.

சூடாமணி பிளாஸ்க்குக்குப் பின்னாலிருந்து ஒரு வெள்ளிக் கிண்ணத்தை எடுத்தாள். விரலைத் தோய்த்துக் குழந்தையின் உதட்டில் தடவினாள். தேன்.

"சிஸ்டர் வேண்டாம்னாளே, அக்கா?"

"அவளுக்கென்ன தெரியும்? நம்மாத்துல பொறந்த அத்தனை பேருக்கும் அத்தை கைத் தேன்தான் மொதல்ல. பொறந்ததுலேர்ந்து தொட்டுத் தொட்டு வெச்சிண்டிருக்கேன், என்ன ஆயிடுத்து இப்போ?" அதே விரல்களால் குதிகாலை நீவிவிட்டாள். "பாவம், எத்தனை குத்துடா கண்ணா! இரு மீரா, பூத்துல போய் எல்லாம் நார்மல்னு உன் ஆத்துக்காரன் ஜெயந்துக்குப் போன் பண்ணிட்டு வந்துடறேன்."

ஈ வரும் என்று கதவை இழுத்துச் சாத்திவிட்டுப் போனாள்.

மீரா அந்தக் குதிகாலையே பார்த்தாள். சிஜி ஸ்பிரிட் பஞ்சால் துடைப்பாள். பிறகு குத்துவாள். அதற்கப்புறம்தான் சூடாமணி பிடித்து அமுக்குவாள். தேன் பிசுக்கு ஒட்டிய கையால். ரத்தத்துளி அந்த விரல்களுக்கு நடுவில்தான் திரளும்.

அப்படியானால் அந்த நூற்றுப்பத்து குழந்தையுடையது அல்ல. தேனுடையது.

மூன்று தடவையும்.

அவள் பயந்தாள். ஆனால் அந்தப் பயமும் எங்கோ தூரத்தில், மரத்துப்போன காலைப் போலத்தான் இருந்தது. தலைமாட்டு மணியை அழுத்தினாள். கரண்ட் இல்லை. "சிஸ்டர்!" என்றாள். ஓட்டுக்கூரையில் மழை. இன்னொரு தடவை கூப்பிட்டாள். தொண்டை வறண்டு காற்றுதான் வந்தது. சிஜி இனி நாலு மணிக்குத்தான் வருவாள்.

காலை அசைத்தாள். அசையவில்லை.

தொட்டில் நீட்டிய கைக்கு ஒரு சாண் அப்பால். எட்டவில்லை.

குழந்தையின் கை ஒருமுறை வெடவெடத்தது. நின்றது.

தொட்டில் துணியில் ஒரு கறுப்புக் கோடு ஏறியது. எறும்புகள். குதிகாலில் மொய்த்தன. அங்கேயே நிற்கவில்லை. தொடை. வயிறு. கழுத்து. உதட்டோரம் வந்து கூடின.

ஒன்று உள்ளே போயிற்று.

குழந்தை வாயை மூடவில்லை.