தகரக் கூரை மேல் ஒரு பிணம்

"ஆ...!"

அந்த அலறல் ஹெலிகாப்டர் விசிறியின் சத்தத்தையே தோற்கடித்தது!

அலறியவள் ராஜப்ரியா. ஊர் திருப்பூர். கல்யாணமாகி ஒன்பதே நாள். ஊட்டி கோடை விழாவில் ஹெலிகாப்டரில் ஏற்றி மலையைச் சுற்றிக் காட்டுகிறார்கள் என்று கேள்விப்பட்டு, புதுக் கணவனை மூன்று நாள் நச்சரித்து ஏறியவள். தொட்டபெட்டாவைப் பார்த்துக் கை தட்டியவள், கீழ் கோத்தகிரிச் சரிவைப் பார்த்து இப்போது வாயைப் பொத்திக் கொண்டிருந்தாள்.

"என்னாச்சு ப்ரியா?" கணவன் ஜெகதீசன் பதறினான்.

"ஏனுங்க... பொணமுங்க! அந்தத் தகரக் கூரை மேல ஒரு பொணம் கெடக்குதுங்க!"

முன் சீட்டிலிருந்த பைலட் அஸ்வந்த் சிரித்தான்.

"யாராவது படுத்துத் தூங்குவாங்க மேடம்."

"இத்தன சத்தத்துல எவனுங்க தூங்குவான்? கையக் கால விரிச்சுட்டுக் குப்புறக் கெடக்கறான்... அசையவே இல்லீங்க!"

ஜெகதீசன் எட்டிப் பார்த்தான். பார்த்த வேகத்தில் சீட்டுக்கு முன்னால் இருந்த காகிதப் பையை எடுத்துப் பிரித்தான். காலையில் சாப்பிட்ட நாலு இட்லியும் வெளியே வந்தன.

தேனிலவு அத்தோடு முடிந்தது!

*

இரண்டாயிரத்து ஒன்று. மே மாதம். பச்சைத் தேயிலை கிலோ நாலு ரூபாய்க்கு விழுந்து, நீலகிரியில் எஸ்டேட் எஸ்டேட்டாகப் பூட்டுப் போட்டுக் கொண்டிருந்த நேரம்.

ஊட்டி மைதானத்தில் பந்தோபஸ்துக்கு நின்றிருந்த கோத்தகிரி இன்ஸ்பெக்டர் ரவிச்சந்திரனுக்கு, ராஜப்ரியா சொன்னதைக் கேட்டதும் முகம் மலர்ந்தது.

பிணம் என்றால் முகம் மலர்கிற மனிதர் இல்லை அவர். ஆனால் இருபது நாளாக அவர் ஒரு பிணத்தைத் தேடிக் கொண்டிருந்தார்!

எஸ்டேட் முதலாளி வேலுசாமி காணாமல் போய் இருபது நாள். பர்லியாருக்கு மேலே, மலைப்பாதை ஓரம் அவருடைய ஜீப் கிடந்தது. சீட் முழுக்க ரத்தம். சீட்டுக்கு அடியில் ஒரு கவ்வாத்துக் கத்தி. தேயிலைச் செடியை வெட்டிவிடுகிற அந்த வளைந்த கத்தியின் பிடியில் 'எ' என்று பொறித்திருந்தது.

எ என்றால் எல்லப்பன்.

போன வருஷம் எஸ்டேட்டைப் பூட்டிய அன்று, "என் வயித்துல அடிச்ச உன்னை வெட்டாம விடமாட்டேன்!" என்று நூறு பேர் நடுவில் வேலுசாமியைப் பார்த்துக் கத்திய அதே தொழிலாளி எல்லப்பன். நேற்று கைது. இன்று நாலு மணிக்குக் கோர்ட்டில் ஆஜர். ஆள் பற்றாக்குறையால் அவனையும் விலங்கோடு போலீஸ் வேனில் வைத்து மைதானத்துக்கே கொண்டு வந்திருந்தார்கள்.

"பொணம் கெடைச்சிருச்சுய்யா!" இன்ஸ்பெக்டர் தொடையில் தட்டினார். "கேஸ் ஸ்ட்ராங். எல்லப்பன் தப்பவே முடியாது!"

"ஐயா... பின்னாடி பாருங்க," என்றார் ஏட்டு சுவிசேஷமுத்து மெதுவாக.

பின்னால் அன்னக்கிளி நின்றிருந்தாள். எல்லப்பனின் மனைவி. நாற்பது வயது. இலங்கையில் பதுளையில் பிறந்து, எட்டு வயதில் கப்பலேறி வந்து, அன்று முதல் கொழுந்துக் கூடை சுமந்தவள். காலையிலிருந்து இன்ஸ்பெக்டர் போகிற இடமெல்லாம் வந்து கொண்டிருந்தாள். ஸ்டேஷன், டீக்கடை, இப்போது மைதானம்.

"என் புருஷன் கொல்லல ஐயா."

"அதைக் கோர்ட்ல சொல்லும்மா." இன்ஸ்பெக்டர் ராஜப்ரியா பக்கம் திரும்பினார். "எந்த எடம்னு சொல்ல முடியுமா?"

"செகப்புத் தகரம் போட்ட பெரிய ஊடுங்க. ரெண்டு புகைக்கூண்டு. சுத்தியும் காடாட்டம் பச்சையா இருந்துச்சுங்க."

அன்னக்கிளியின் முகம் மாறியது.

"ரெண்டு புகைக்கூண்டா? அது எங்க தொரை பங்களால்ல!"

இன்ஸ்பெக்டர் ஏட்டை முறைத்தார்.

"யோவ், பங்களாவைத் தேடினேன்னு சொன்னியே?"

"போனேன் ஐயா. பூட்டு தொங்கிச்சு. வந்துட்டேன்."

"பூட்டைப் பார்த்துட்டு வர்றதுக்குப் பேரு தேடறதா? சரி, ஜீப்பை எடு!"

"போன மழையில பாலம் போயிருச்சு ஐயா. மூணு மணி நேரம் நடக்கணும்."

மணி ஒன்றரை. நாலு மணிக்குக் கோர்ட்.

எல்லாருடைய பார்வையும் ஹெலிகாப்டர் பக்கம் போனது. இன்ஸ்பெக்டரின் கண் மட்டும் போகவில்லை. மாடிப்படியில் கூடச் சுவரைப் பிடித்தே ஏறுகிறவர் அவர்!

"வழி காட்ட ஆள் வேணும் ஸார்," என்றான் அஸ்வந்த். "மேல இருந்து பார்த்தா எல்லா எஸ்டேட்டும் ஒண்ணுதான். அந்த மேடம் திரும்ப ஏற மாட்டாங்களாம்."

"நான் வாரேன்," என்றாள் அன்னக்கிளி.

"உன் புருஷனுக்கு எதிரான சாட்சியத்தை நீயே காட்டப் போறியா?"

"அங்க கெடக்கிறது பொணம்னா, யார் வெட்டினதுன்னு நானும் பார்க்கணும் ஐயா. அவுரு வெட்டியிருந்தா நானே சொல்லிர்றேன்."

வேனின் கம்பி வழியே எல்லப்பன் கத்தினான்.

"ஏய் புள்ள! அதுல ஏறாத! விழுந்துட்டீன்னா நம்ம புள்ளைங்களுக்கு யார் இருக்கா?"

அவள் திரும்பிப் பார்த்தாள். ஏறினாள்.

*

"முருகா... குன்னக்குடி முருகா... மருதமலை முருகா..."

ஹெலிகாப்டர் கிளம்பியதிலிருந்து இன்ஸ்பெக்டர் ஒரு முருகனையும் விடவில்லை. கண்களை இறுக மூடியிருந்தார். பக்கத்தில் ஏட்டு ஜன்னல் வழியே எல்லாவற்றையும் ரசித்துக் கொண்டிருந்தார்.

"ஐயா, அருமையான அருவி! பாருங்க!"

"நீயே பாருய்யா! எனக்கும் சேர்த்துப் பாரு!"

அன்னக்கிளி முன்சீட்டில். முப்பது வருஷமாகக் குனிந்தே பார்த்த மலை. முதல் முறையாக மேலிருந்து பார்க்கிறாள். காடாகிப் போன தேயிலை! கிள்ள ஆளில்லாமல் இடுப்பளவுச் செடிகள் ஆளுயரத்துக்கு வளர்ந்து, பாதையை மூடி, தொழிலாளர்களின் லயத்து வீடுகளையும் மறைத்துக் கொண்டிருந்தன. சுற்றுலாக்காரனுக்கு அது பச்சைப் பசேல். அவளுக்கு அது பட்டினி.

"அந்தா... ரெண்டு புகைக்கூண்டு!"

அஸ்வந்த் தாழப் பறந்தான்.

கூரையில் பிணம் இல்லை!

ஒரு வெள்ளை வேட்டி மட்டும் விரிந்திருந்தது. அதன் மேல் பச்சையாக ஏதோ பரப்பியிருந்தது.

"பொணம் எங்கய்யா?" கண்ணைத் திறக்காமலே கேட்டார் இன்ஸ்பெக்டர்.

"எந்திரிச்சுப் போயிருச்சு போல ஐயா," என்றார் ஏட்டு.

அன்னக்கிளி மட்டும் பங்களாவின் பின்புறத்தையே பார்த்துக் கொண்டிருந்தாள். காடு மாதிரி வளர்ந்த தேயிலைக்கு நடுவில், ஒரு கல்யாண மண்டபம் அளவுக்கு மட்டும் செடிகள் குட்டையாக, இளம்பச்சையாக இருந்தன.

"ஐயா... அங்க யாரோ கொழுந்து எடுக்கிறாங்க."

"பூட்டின எஸ்டேட்லயா?"

"ஆமாங்க. கூரையில வேட்டி மேல கெடக்கிறதும் கொழுந்துதான். தூள் பண்றதுக்கு முன்னால வாட வெச்சிருக்கு."

"எவனாவது வேலையில்லாத தொழிலாளியா இருக்கும்."

"இல்லீங்க." அவள் உற்றுப் பார்த்தாள். திடீரென்று அவள் குரலில் ஒரு சிரிப்பு வந்தது. "கொழுந்து எடுக்கிறவ கை பட்டா செடி மேல பலகை வெச்ச மாதிரி மட்டமா இருக்கும். இதைப் பாருங்க... ஒரு பக்கம் பள்ளம், ஒரு பக்கம் மேடு. சலூன்ல பாதியில எந்திரிச்சு வந்தவன் தலை மாதிரி! இது தொழில் தெரிஞ்ச கை இல்லீங்க."

"அப்புறம்?"

"கடைத்தூள் தொண்டையில எறங்காத ஆளு. சொந்த எஸ்டேட் தேயிலையைத் தவிர வேற எதுவும் குடிக்காத ஆளு. தன் கையால ஒரு நாள் கூட கொழுந்து கிள்ளாத ஆளு..."

இன்ஸ்பெக்டர் கண்ணைத் திறந்து விட்டார்!

"யாரும்மா?"

"எங்க தொரைங்க. வேலுசாமி தொரை. உசுரோட இருக்காரு!"

*

தொழிலாளர்களை வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிடுகிற பெரட்டுக் களத்தில் ஹெலிகாப்டர் இறங்கியது.

பங்களா வராந்தாவில், இருபது நாள் தாடியோடு, நெற்றியில் பட்டை கட்டிக் கூடையை முதுகில் தொங்கவிட்டபடி ஒருவர் கைகளை உயர்த்தி நின்றார்.

செத்துப்போன வேலுசாமி!

"சுட்டுறாதீங்க ஸார்! டீ சாப்புடறீங்களா?"

"யோவ்! கூரை மேல பொணமாக் கெடந்தது நீதானா?"

"ஆமாங்க. கொழுந்தைப் பரப்பிட்டு இருந்தேன். ஹெலிகாப்டர் வந்துருச்சு. அசையாமப் படுத்துட்டா தெரியாதுன்னு நெனச்சேனுங்க."

"ஜீப்புல ரத்தம்?"

"கோழி ரத்தமுங்க."

"எதுக்குய்யா இந்த நாடகம்?"

வேலுசாமி தலையைத் தொங்கப் போட்டார்.

"தேயிலை படுத்துருச்சுங்க. எஸ்டேட்டை இழுத்துப் பூட்டிட்டு, பல்லடத்துல எங்க மச்சான் கோழிப்பண்ணைக்கு மேனேஜராப் போகோணும்னு ஊட்டுல ஒரே முடிவா முடிவு பண்ணிட்டாங்க. மச்சானுக்குக் கீழ... கோழிக்குத் தண்ணி காட்டறதுக்கு... செத்தே போலாம்னு தோணுச்சு. நெசமாச் சாவறதுக்குத் தைரியம் வரலீங்க."

"அந்தக் கத்தி?" அன்னக்கிளி முன்னால் வந்தாள். "என் புருஷன் கத்தி எப்புடி அங்க வந்துச்சு?"

"கோழி அறுக்க ஸ்டோர்ல கெடந்ததை எடுத்தேன். அவசரத்துல ஜீப்புலயே போட்டுட்டேன்."

"அவுரு கையில வெலங்கு மாட்டியிருக்கு தொரை! கொலைகாரன்னு சொல்றாங்க! எம் புள்ளைங்க பள்ளிக்கூடம் போய் மூஞ்சி காட்ட முடியல!"

வேலுசாமி கூடையைக் கீழே இறக்கினார்.

"இங்க பேப்பர் வர்றதில்லம்மா... சத்தியமாத் தெரியாது."

*

மூன்றே கால். ஊட்டி மைதானம்.

வேலுசாமியின் மனைவி ராஜகுமாரி காத்திருந்தாள். 'கூரை மேல் உடல்' என்று தகவல் போனதும் குன்னூரிலிருந்து காரில் வந்தவள். ஹெலிகாப்டரிலிருந்து இறங்கிய தாடிக்காரரை மேலும் கீழும் பார்த்தாள். நிதானமாகப் பார்த்தாள்.

"ஆள் அடையாளம் சொல்லுங்கம்மா," என்றார் இன்ஸ்பெக்டர். "இவர்தானே உங்க வீட்டுக்காரர்?"

"இல்லீங்க."

"என்னது?"

"எங்க ஊட்டுக்காரர் செத்துட்டாருங்க. பதினாறாம் நாள் காரியம் பண்ணி, முந்நூறு பேருக்குச் சாப்பாடு போட்டாச்சு. பொண்டாட்டி தலையில இடி விழுந்தாலும் செரின்னு ஓடி ஒளியற மனுசன் எவனும் எனக்குச் சொந்தமில்லீங்க."

இன்ஸ்பெக்டர் வேலுசாமியைப் பார்த்தார்.

வேலுசாமிக்கு முகமெல்லாம் சிரிப்பு!

"ஆமாங்க ஸார். எனக்கும் இந்தம்மா யாருன்னே தெரியாதுங்க!"

கல்யாணமான நாளிலிருந்து இருவரும் ஒத்துப்போனது அதுதான் முதல் தடவையாம்!

"ஐயா!" அன்னக்கிளி அலறினாள். "நான் சொல்றேன், இதுதான் தொரை!"

"நீ குற்றவாளியோட சம்சாரம்மா. உன் பேச்சைக் கோர்ட்ல எடுத்துக்க மாட்டாங்க." இன்ஸ்பெக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். "சொந்தப் பொண்டாட்டியே இல்லைங்கறாங்க, அந்த ஆளும் இல்லைங்கறான்... பங்களாவுல சொன்னதை எழுதியும் வாங்கல. நான் என்ன செய்ய?"

வேனுக்குள் எல்லப்பன் முகத்தை மூடிக் கொண்டான். டிரைவர் என்ஜினைக் கிளப்பினான்.

அன்னக்கிளி சேலையை இழுத்துச் செருகிக் கொண்டாள்.

"சரிங்க ஐயா. இவரு தொரை இல்ல. அப்ப இவரு யாரு? செத்த மனுசன் எஸ்டேட்ல பூந்த கொழுந்துத் திருடன்! கூடையோட பிடிச்சிருக்கீங்க. கேஸ் எழுதுங்க!"

"திருடனா?" வேலுசாமியின் சிரிப்பு பாதியில் நின்றது.

"திருட்டுப் பய மட்டுமில்ல ஐயா. செடியைப் பாழாக்கின பய! அந்தத் தேயிலையும் ஒரு தேயிலையா... மாட்டுக்குப் போடலாம்!"

"ஏய்...!" வேலுசாமி துள்ளிக் குதித்தார். "யாரைப் பார்த்துத் திருடங்கற? என் எஸ்டேட்டு! என் கொழுந்து! பதினெட்டு வருசமா நான் வெச்சு வளர்த்த செடி! ஏலத்துல என் தூளுக்கு அடிச்சுக்குவானுக, தெரியுமா? என் செடியில நான் கிள்ளுனா திருட்டா?"

வேலுசாமி மெதுவாக வாயை மூடினார். மிகவும் தாமதமாக!

"எழுதிக்கய்யா சுவிசேஷமுத்து," என்றார் இன்ஸ்பெக்டர். "கொலையானவர் வாக்குமூலம்!"

நாலு மணிக்குக் கோர்ட்டில் ஆஜரானது வேலுசாமி. எல்லப்பனை அன்று மாலையே விட்டு விட்டார்கள். அன்னக்கிளி கோர்ட் வாசலில் உட்கார்ந்து, சத்தம் போட்டு அழுது தீர்த்தாள். எல்லப்பன் பக்கத்தில் உட்கார்ந்து அவள் தலையைத் தடவிக் கொண்டே இருந்தான்.

உள்ளே வேலுசாமி இன்ஸ்பெக்டரின் சட்டையைச் சுரண்டினார்.

"ஏனுங்க ஸார்... போலீசை ஏமாத்துனதுக்கு எத்தனை வருசம் போடுவாங்க?"

"ரெண்டோ மூணோ வரலாம்."

வேலுசாமி ஓரக்கண்ணால் மனைவியைப் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார்.

"கொஞ்சம் கூட்டிப் போடச் சொல்ல முடியாதுங்களா?"

பின்னாலிருந்து ராஜகுமாரியின் குரல் கணீரென்று வந்தது.

"தாராளமாப் போடச் சொல்லுங்க ஸார். அதுக்கு வேணும்னா இவர்தான் எங்க ஊட்டுக்காரர்னு இப்பவே அடையாளம் காட்டறேன்!"