தாட்சாயணி சிரிக்கக் கூடாத படம்

முன்னோட்ட அரங்கின் கதவு திறக்கவில்லை. மெய்ப்பாட்டுமானி பச்சை காட்டினால்தான் திறக்கும். அது சிவப்பிலேயே நின்றது.

"மேடம், சிரிச்சிருக்கீங்க," என்றார் ஆபரேட்டர் சேவியர், ஒலிபெருக்கியில். "படம் அவமதிப்புன்னு எழுதிட்டு, வயிறு குலுங்கச் சிரிச்சிருந்தா மெஷின் எப்படி ஒத்துக்கும்?"

"இருமினேன்."

"இருமலுக்கும் சிரிப்புக்கும் அதுக்கு வித்தியாசம் தெரியும் மேடம். அப்படித்தான் செய்யணும்னு நீங்கதானே போராடினீங்க."

அதுதான் வயிற்றெரிச்சல். ஒரு காலத்தில் விமர்சனம் என்பது வெட்கங்கெட்ட பிழைப்பாக இருந்தது. இடைவேளையில் பிரியாணிப் பொட்டலம், போகும்போது கையில் ஒரு கவர். மறுநாள் குப்பைப் படமெல்லாம் காவியமாகிவிடும். தாட்சாயணிதான் பொறுக்காமல் கிளம்பினாள். அவள் கேட்டபடியே விமர்சகரின் இருக்கையில் தொண்டையையும் வயிற்றையும் அளக்கும் இந்த மெய்ப்பாட்டுமானி வந்தது. எழுதியது உடம்போடு ஒத்துப்போனால்தான் விமர்சனம் வெளியே போகும், எழுதியவரும் வெளியே போகலாம். கதவைப் பூட்டும் யோசனைகூட இந்தப் புண்ணியவதி சொன்னதுதான். எழுதி முடிக்குமுன் வெளியே விட்டால் வராந்தாவில் தயாரிப்பாளர்கள் வலைவீசிக் காத்திருப்பார்கள் என்று பயந்தாள். இப்போது அந்தப் பூட்டுக்குள் அவளே உட்கார்ந்திருக்கிறாள்.

படத்தின் பெயர் 'தலைப்புச் செய்தி தங்கப்பன்'. அமைச்சரின் பல்செட் காணாமல் போகிறது. துப்பறியும் நிருபர் தங்கப்பன் ஊரையே சல்லடை போட்டுத் தேடுகிறான். கடைசியில் பார்த்தால், செய்தி வேண்டுமே என்று திருடியவனே அவன்தான். மற்ற விமர்சகர்கள் விழுந்து விழுந்து சிரித்துப் பச்சை வாங்கிப் போய்விட்டார்கள்.

தங்கப்பன் யாரென்று பத்திரிகை உலகுக்கே தெரியும். கலப்பட எண்ணெய் ஆலையை அம்பலப்படுத்திவிட்டு, போன வருஷம் மாரடைப்பில் செத்துப்போன நிருபர் மாசிலாமணி. தாட்சாயணியின் கூடப்பிறந்த அண்ணன். இந்தப் படம் ஓடினால் அவர் எழுதியதெல்லாம் அவரே ஜோடித்தது என்று ஆகிவிடும். அண்ணி தடை கேட்டு வழக்குப் போட்டாள். "சொந்தத் தங்கச்சியே பார்க்கட்டும். அவங்க உடம்பு சிரிக்கலைன்னா நாங்களே படத்தைப் பெட்டியில போட்டுடறோம்," என்றார் தயாரிப்பாளரின் வக்கீல். ரோஷத்தில் தாட்சாயணியும் சரி என்று தலையாட்டிவிட்டாள்.

சிரிப்பாவது வருவதாவது என்றுதான் உட்கார்ந்தாள். அந்த ஒரு காட்சி வந்தது. தங்கப்பன் போர்வைக்குள் குப்புறப் படுத்துக்கொண்டு ஆசிரியரிடம் போனில், "ஸ்பாட்லதான் சார் இருக்கேன், ஒரே டிராஃபிக்," என்கிறான். சொல்லிவிட்டு வாயாலேயே ஹாரன் அடிக்கிறான். அண்ணன் அச்சு அசலாக அப்படித்தான் செய்வார். லாரி போகும், ஆட்டோ போகும், குறுக்கே ஒரு மாடுகூடக் கத்தும். கதை எழுதியவன் அவரோடு அறையில் தங்கியிருந்தவன், பார்த்திருக்கிறான், பாவி. செத்துப்போன மனிதர் எழுந்து வந்தது போல இருந்தது அவளுக்கு. சந்தோஷம் தாங்காமல் சிரிப்பு பீறிட்டுவிட்டது.

"இன்னொரு தடவை போடுங்க," என்றாள். எத்தனை முறை வேண்டுமானாலும் பார்க்கலாம், கடைசியாகப் பார்த்ததுதான் கணக்கு என்று விதியில் இருந்தது.

"மேடம், இப்ப இன்னும் ஜாஸ்தியா சிரிச்சிருக்கீங்க," என்றார் சேவியர், இரண்டாம் முறை முடிந்ததும்.

உண்மைதான். காட்சி வருமுன்பே உடம்பு காத்திருந்தது. மூன்றாம் முறை சிரிப்போடு கண்ணீரும் வந்தது. உதட்டைக் கடித்துப் பார்த்தாள், கையைக் கிள்ளிப் பார்த்தாள். வயிறு அவள் பேச்சைக் கேட்கவில்லை.

"விட்டுடுங்க மேடம். சிரிச்சேன்னு ஒரு வரி எழுதிட்டு வாங்க. பசிக்கலையா?"

"எழுதினா எங்கண்ணன் திருடன் ஆயிடுவாரு. போடுங்க."

அவர் போட்டுக்கொண்டே இருந்தார். படம் ஓட ஓடத் தேயும் என்று அவளுக்குத் தொழில் அனுபவத்தில் தெரியும். தேய்ந்தது. ஹாரன் சத்தத்துக்கு முன்னால் நடிகன் மூச்சிழுப்பது கேட்க ஆரம்பித்தது. மீசை ஒட்டிய பசை தெரிந்தது. பிறகு போர்வையின் மடிப்பு ஷாட்டுக்கு ஷாட் மாறுவதுகூடத் தெரிந்தது. கடைசி முறை லாரி போனது, ஆட்டோ போனது. அவள் கொட்டாவி விட்டாள்.

பச்சை விளக்கு எரிந்தது. நகைப்பு இல்லை என்று மானி சான்று கொடுத்தது. கதவு தானாகத் திறந்தது.

வராந்தாவில் அண்ணி நின்றிருந்தாள். ஓடிவந்து தாட்சாயணியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"மானத்தைக் காப்பாத்திட்டே தாட்சா. அவரைக் கேலி பண்ணா உனக்கு எப்படிச் சிரிப்பு வரும்? எனக்குத் தெரியும்." மூக்கைச் சிந்தித் துடைத்துக்கொண்டு, கொஞ்சம் கூச்சத்தோடு கேட்டாள். "அந்த ஹாரன் அடிக்கிறதைக்கூட வச்சிருக்கானாமே. எனக்கு அவரு குரலே மறந்துட்டு வருதுடி. நீ நல்லாச் செய்வியே. ஒரு தடவை செஞ்சு காட்டேன்."

தாட்சாயணி வாயைக் குவித்தாள். லாரி வந்தது, ஆட்டோ வந்தது, மாடும் கத்தியது. ஆசையாகக் கேட்டுக்கொண்டிருந்த அண்ணியின் முகம் மெல்ல வாடியது.

"இது அவரு இல்லையே தாட்சா."

"இருங்க அண்ணி," என்று கண்ணை இறுக மூடிக்கொண்டு அவள் மறுபடி முயன்றாள். மூடிய கண்ணுக்குள் போர்வை விலகியது. உள்ளே அந்த நடிகன்தான் படுத்திருந்தான்.