சூடு ஆறும் வரை

"மெக்கானிக் இல்லையா?"

கேட்டவனுக்குப் பதில் ஒரு காருக்கு அடியிலிருந்து வந்தது.

"என் காலை மிதிக்காம கொஞ்சம் தள்ளி நின்னீங்கன்னா, மெக்கானிக் வெளியே வருவா."

அவன் பதறி விலகினான். சக்கரப் பலகையோடு சறுக்கிக்கொண்டு வெளியே வந்தாள் அவள். கன்னத்தில் கிரீஸ், தலையில் துணிக்கட்டு, அதற்குக் கீழே இரண்டு கண்கள்... அடேயப்பா! எதற்கு வந்தோம் என்பதையே அவன் ஒரு நிமிஷம் மறந்துபோனான். ஆனால் வாய் சும்மா இருக்குமா?

"நீங்களா என் வண்டிக்குக் கியர் மாத்தப் போறீங்க?"

"ஏன்... மீசை வச்சவங்க கைக்குத்தான் உங்க கியர் அடங்குமா?"

பட்டறையே சிரித்தது. அவன் காது மடல் சிவந்தது. வாசலில் நின்ற அவனுடைய கருநீல ஸ்போர்ட்ஸ் கார் மட்டும் ஒன்றும் நடக்காததுபோல் பளபளத்துக்கொண்டிருந்தது.

பட்டறையில் அவளுக்குப் பெயர் 'காது'. ஓடுகிற வண்டியின் பின் சக்கரங்களைச் சுழற்றும் ஆக்சிலிலிருந்து வரும் சத்தத்தைக் கேட்டே எந்தக் கியர்ப் பல் எங்கே உரசுகிறது என்று சொல்லிவிடுவாள். பட்டறை அவளுடைய அண்ணனுடையது. ஆக்சில் வேலையை அவளிடம் கொடுக்க அவன் லேசில் சம்மதிக்கவில்லை. கெஞ்சி, சண்டை போட்டு, பட்டினி கிடந்து வாங்கிய வேலை அது. கொடுக்கும்போதே அண்ணன் சொல்லிவிட்டான்: "ஒரே ஒரு வண்டி கியர் ஊளையிட்டுக்கிட்டு திரும்பி வரட்டும்... அன்னைக்கோட நீ வீட்டுல." அந்த வேலை போனால் தனக்கு வேறு எதுவும் இல்லை என்றுதான் அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. ஆக்சிலில் புதுக் கியரைப் பூட்டியவர்தான் முதல் ஓட்டங்களுக்குக் கூடவே உட்கார்ந்து போக வேண்டும். புதுப் பற்கள் ஒன்றோடொன்று பழக வேண்டும் அல்லவா? மெதுவாகக் கொஞ்ச தூரம் ஓட்டி, நிறுத்தி, சூடு நன்றாக ஆறவிட்டு, மறுபடி மெதுவாக ஓட்ட வேண்டும். ஆறுவதற்குள் விரட்டினால் பல்லின் உறுதி போய்விடும். போனால் போனதுதான், அப்புறம் ஆயுசுக்கும் ஊளைதான். அதனால் அவன் ஓட்ட, பக்கத்தில் அவள் உட்கார்ந்து போனாள்.

"ஏங்க, சைக்கிள்காரர் நம்மளைத் தாண்டிப் போறாருங்க... மானம் போகுது!"

"போகட்டும். நீங்க ரோட்டைப் பாருங்க, அவசரக்குடுக்கை."

"அவசரக்குடுக்கையா? என் ஆபீஸ்ல எல்லாரும் என்னை சார்ம்பாங்க, தெரியுமா?"

"ஆபீஸ்ல கியர் மாத்தறாங்களா?"

அவனுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவளும் சிரிக்கிறாள் என்று கண்ணாடியில் தெரிந்தது... தெரியட்டுமே என்றுதான் அவளும் இருந்தாள்.

ஊர் எல்லையில் ஒரு மேடு உண்டு. அதைத் தாண்டி இறங்கினால் அடிவாரத்தில் பழைய பஸ் நிறுத்தம். சூடு ஆற நிறுத்துகிற இடம் அதுதான். அந்த வாரம் முழுக்க மழை. தகரக் கூரைக்குக் கீழே இரண்டு பேர், நனைகிற கார் ஒன்று. அவள் அவ்வப்போது குனிந்து ஆக்சிலைத் தொட்டுப் பார்ப்பாள். "இன்னும் ஆறலை" என்பாள். முதல் நாள் அவன் சலித்துக்கொண்டான். அடுத்த நாள் சலித்துக்கொள்வதுபோல் நடித்தான். அதற்கடுத்த நாள்... அவள் தொட்டுப் பார்த்தாள். ஆக்சில் ஜில்லென்று இருந்தது. நிமிர்ந்தாள்.

"இன்னும் ஆறலை."

அவனும் குனிந்து தொட்டான். அவன் கையை வெடுக்கென்று இழுத்து உதறினான்.

"ஆமாங்க... சரியான சூடு!"

இரண்டு பேரும் மழையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். ஈரமான அவள் கண்களில் சிரிப்பு வந்து நின்றதை அவன் ஓரக்கண்ணால் பார்த்தான். 'இவளோடு இப்படியே ஆமை வேகத்தில் போய்க்கொண்டிருந்தால் போதும்' என்று அவனுக்குத் தோன்றியது. அவளுக்கும் அப்படித்தான் இருந்தது. ஆனால் அதை யாராவது வாய்விட்டுச் சொல்வார்களோ?

கடைசி ஓட்டத்தன்று மேடு இறங்கி வந்து நிறுத்தினார்கள். வண்டி நின்றதுமே அவளுடைய போன் அடித்தது. அண்ணன்.

"பஸ் நிறுத்தத்துல உட்கார்ந்து தினமும் சிரிச்சுப் பேசிக்கிட்டிருக்கியாமே? பார்த்தவங்க வந்து சொல்றாங்க. நான் கடை பூட்டறதுக்குள்ள இங்க வந்து நிக்கல... இனிமே பட்டறைப் பக்கமே தலைகாட்டாதே!"

அவள் போனைப் பைக்குள் திணித்தாள்.

"வண்டியை எடுங்க."

"சூடு ஆறலையே..."

"எடுங்கன்னு சொல்றேன்ல!"

"மேடு ஏறணுங்க. நீங்கதானே சொன்னீங்க, ஏத்தத்துல விரட்டவே கூடாதுன்னு..."

"நானேதான் இப்ப சொல்றேன், வேகமா போங்க!"

அவன் அவளை ஒரு முறை பார்த்தான். அப்புறம் மிதித்தான். அடிபட்ட மிருகம்போல் வண்டி மேட்டில் பாய்ந்தது. உச்சிக்குப் போகும்போதே எண்ணெய் கருகுகிற வாசம் அவள் மூக்கில் ஏறியது. அவளுக்கா தெரியாது? தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை. கடை பூட்டுவதற்குள் பட்டறைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

சில நாள் கழித்து அந்தக் கார் ஊளையிட்டுக்கொண்டே பட்டறைக்குள் நுழைந்தது. வேலை செய்துகொண்டிருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அண்ணன் மூடியைக் கழற்றினான். எண்ணெய் கருகிக் கிடந்தது. பற்கள் நீலம் பாரித்திருந்தன.

"சூட்டோட விரட்டியிருக்கு. அந்த ஓட்டத்துக்கெல்லாம் நீதானே கூட இருந்தே? எப்படி ஆச்சு?"

கேள்வி அவளுக்கு. ஒரே ஒரு வரி சொன்னால் போதும்... 'நான்தான் வேகமா போகச் சொன்னேன்.' தட்டில் கழற்றிப் போட்டிருந்த போல்ட்டுகளையே பார்த்துக்கொண்டு மரமாக நின்றாள்.

"அவங்க இல்லைங்க," என்றான் அவன். "அவங்க கூட வராதப்ப நான்தான் ரேஸ் விட்டேன். தப்புதான்."

அண்ணன் சும்மா விடுவானா? திமிர் பிடித்தவன் என்றான், அடுத்தவர் உழைப்பின் அருமை தெரியாத ஜென்மம் என்றான். பட்டறையே கேட்டுக்கொண்டிருந்தது. அவன் தலையைக் குனிந்து எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு, சாவியை மேஜையில் வைத்துவிட்டு வெளியே நடந்தான்.

"என் தங்கச்சி கை தப்பாதுன்னு எனக்குத் தெரியும்," என்று அண்ணன் அவள் தோளைத் தட்டினான். தட்டிய இடம் எரிந்தது.

மறுபடியும் புதுக் கியர் பூட்டினாள். பூட்டிய நாட்களில் அவனைக் கூப்பிட எத்தனையோ தடவை போனை எடுத்தாள், வைத்தாள். என்னவென்று பேசுவது? சீ... என்ன பிறவி நான் என்று தன்னையே வைதுகொண்டாள்.

வண்டி எடுக்க அவன் வந்த அன்று அண்ணன் எழுந்தான். "நீ வேண்டாம். இவன்கூட முதல் ஓட்டம் நான் போறேன்."

"அண்ணா... நான்தான் அன்னைக்கு வேகமா போகச் சொன்னேன். மாட்டேன்னுதான் அவர் சொன்னாரு."

அண்ணன் கையிலிருந்த கார் சாவியை மேஜையில் வைத்தான்.

"அந்த ஆளைக் காறித் துப்பாத குறையா பேசினேனே... நீ பார்த்துக்கிட்டுதானே நின்னே?" வாசலில் நின்றவனிடம் அண்ணன் போய் ஏதோ சொன்னான், கையைப் பிடித்துக்கொண்டான். திரும்பி வந்து அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்: "வழக்கத்தை மாத்த வேண்டாம், இந்த ஓட்டம் நீயே போயிட்டு வா. நாளையிலேர்ந்து ஆக்சில் வேலையை நான் பார்த்துக்கறேன்."

மெதுவாகப் போனார்கள். சைக்கிள்கள் தாண்டின. அவன் ஒன்றும் கேலி பேசவில்லை. பஸ் நிறுத்தத்தில் மழை அவர்களுக்கு முன்பே வந்து காத்திருந்தது.

"உங்களைப் பிடிச்சிருக்கு," என்றாள் அவள். இதற்கு மேல் காக்க அவளிடம் எதுவும் இல்லை. "ஆறினதை ஆறலைன்னு சொன்னேனே... அன்னைக்கே சொல்லியிருக்கணும்."

"தெரியும். நானும்தானே தொட்டுப் பார்த்தேன்." சிரித்தான். சிரிப்பு நிற்கவில்லை. "எனக்கும் பிடிச்சுதுங்க. பைத்தியமா பிடிச்சுது. அன்னைக்குப் பட்டறையில பொய் சொன்னதுக்குக்கூட நான் வருத்தப்படலை. சொல்லிட்டு உங்களைப் பார்த்தேன்... ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தா போதும்னு இருந்துது. நீங்க போல்ட்டைப் பார்த்துக்கிட்டிருந்தீங்க. வாசல்ல நின்னு திரும்பிப் பார்த்தேன்... அப்பவும் போல்ட்டுதான்."

"மன்னிச்சிடுங்க..."

"மன்னிச்சு ரொம்ப நாளாச்சு. மறக்கத்தான் வரலை. நாளைக்கு ஒரு கஷ்டம் வந்து நான் திரும்பிப் பார்த்தா, நீங்க எங்க பார்ப்பீங்கன்னு... பயமா இருக்குங்க."

மழை தகரத்தை அறைந்துகொண்டிருந்தது.

"சூடு ஆறிடுச்சா?" என்று கேட்டான்.

அவள் குனிந்து தொட்டாள். ஜில்லென்று இருந்தது. இன்னும் கொஞ்ச நேரம்... ஒரே ஒரு பொய் போதும், இன்னும் கொஞ்ச நேரம் இங்கே உட்காரலாம். அவன்கூட அதைத்தான் எதிர்பார்த்தானோ என்னவோ, அவள் முகத்தையே பார்த்தான்.

"ஆறிடுச்சு," என்றாள்.

"அப்ப போகலாம்."

அவளுடைய தெரு முனையில் நிறுத்தினான். இறங்கிக் கதவைச் சாத்தினாள். "இன்னும் கொஞ்ச நாளைக்கு விரட்டாதீங்க. அப்புறம் ஆயிலை மாத்திடுங்க."

"சரிங்க."

அவன் கிளம்பினான். பாவி, ஒரே மிதியாய் மிதித்துக் கண்ணுக்கு மறைந்து தொலைந்திருக்கக் கூடாதா? அவள் சொல்லிக் கொடுத்தபடியே போனான், மெதுவாக... நீளமான அந்தத் தெரு முழுக்க மெதுவாக. ஒரு சைக்கிள்காரர் மணியடித்துக்கொண்டு அவனைத் தாண்டிப் போனார். மழையில் நின்றபடி அவள் காதைக் கூர்மையாக்கிக்கொண்டு கேட்டாள். கடைசி வளைவு வரைக்கும் கேட்டாள். கியரில் ஒரு குறையும் இல்லை.