காணாமல் போகும் பசை

பசை எங்கே போகிறது என்றுதான் அவளுக்குப் புரியவில்லை.

கணினியின் மூளையான புது பிராசசரின் நடுவில் பட்டாணியளவு வைத்து, அதன்மேல் சூட்டை உறிஞ்சும் ஹீட் சிங்க்கை உட்கார்த்தி, நான்கு திருகுகளையும் மூலைக்கு மூலை மாற்றி மாற்றிச் சமமாக முறுக்கியிருந்தாள். கணினி உயிர் பெற்றது. கொஞ்ச நேரத்தில் சூடு மளமளவென்று ஏறி, தன்னைத்தானே அணைத்துக்கொண்டது. கழற்றிப் பார்த்தால் இரண்டு உலோகங்களும் பளபளவென்று இருந்தன. பசை வழிந்து ஓரத்தில் ஒதுங்கியிருக்கலாம், ஒதுங்கவில்லை. காய்ந்து பொருக்குத் தட்டியிருக்கலாம், அதுவும் இல்லை. நக்கி வைத்த தட்டுபோல் இருந்தது. கிட்டே போய் முகர்ந்தாள். பல் விளக்காத வாயின் நாற்றம்.

அந்தப் பசை எதையும் ஒட்டுவதற்காக இல்லை. கண்ணுக்கு வழவழப்பாகத் தெரிகிற உலோகத்திலும் நுண்ணிய மேடு பள்ளங்கள் உண்டு. இரண்டு உலோகங்களைச் சேர்த்து வைத்தால் பள்ளங்களில் காற்று சிக்கிக்கொள்ளும். சூட்டைக் கடத்துவதில் காற்று மகா சோம்பேறி. அதை வெளியே தள்ளிவிட்டு அந்த இடத்தில் தான் உட்கார்ந்துகொண்டு, கீழிருக்கும் சூட்டை மேலே கை மாற்றிவிடுவதுதான் பசையின் வேலை. இப்படி ஒன்று எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துவிட்டால் அவளுக்குப் பயம் போய்விடும். இதுவரை அப்படித்தான்.

காலையில் எல்லாம் சரியாகத்தான் தொடங்கியது. மதர்போர்டை அதன் திருகுகளில் நிறுத்தினாள். பிராசசரின் மூலையிலிருந்த சின்ன முக்கோணத்தையும் சாக்கெட்டில் இருந்த முக்கோணத்தையும் நேர்ப்படுத்தி, அழுத்தாமல் வைத்தாள், அதுவாக இறங்கியது. இரண்டு ரேம் துண்டுகளையும் இருபுறக் கொக்கிகள் 'டக்' என்று பிடித்துக்கொண்டன. பழைய கணினியின் பெட்டியை மட்டும் மாற்றவில்லை. தகரம்தானே, அதில் என்ன பழசும் புதுசும்?

ஆனால் அந்தப் பெட்டியைச் சுத்தம் செய்யத்தான் பாதிக் காலை போயிற்று. பல வருடங்களாக அதன் விசிறி இந்த அறைக் காற்றை உள்ளே இழுத்துக்கொண்டே இருந்திருக்கிறது. காற்றோடு அவளும் கணவனும் உதிர்த்த தலைமுடி, துணிப் பஞ்சு, உடம்பிலிருந்து உதிர்ந்த தோல். எல்லாம் சேர்ந்து அடியில் எலித்தோல் மாதிரி ஒரு விரிப்பாகப் படிந்திருந்தது. தூசி உலர்ந்திருக்க வேண்டும். இது ஈரமாக இருந்தது. சுரண்டி எடுத்தபோது உரிந்து வர மனமில்லாததுபோல் இழுத்து இழுத்து வந்தது. பையில் போட்டுக் கட்டிய பிறகும் வெதுவெதுப்பு ஆறவில்லை. பெட்டியை மூன்று முறை ஸ்பிரிட் போட்டுத் துடைத்தாள். இத்தனை வருடத்தில் முதல் முறையாக அதன் உள்ளே ஒன்றுமே இல்லை.

"என்ன இஞ்சினியரம்மா, புதுசு போட்டா பழசை விட மோசமா ஓடுது?" என்றான் கணவன். நாளிதழை விரித்துப்போட்டு, சோபாவில் ஒரு காலைத் தூக்கி வைத்து, கல்லால் குதிகாலைத் தேய்த்துக்கொண்டிருந்தான். வேலை போனதிலிருந்து அவன் பாதங்கள்தான் அவனுக்கு வேலை.

"ஏங்க, அந்தக் காலை நோண்டுறதைக் கொஞ்சம் நிறுத்துங்களேன். குமட்டுது."

"என் காலு, என் குதிகாலு. உன் பொட்டியையா நோண்டுறேன்?"

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. பள்ளிப் பாடப்புத்தகம் ஒன்றின் பக்கங்களை வடிவமைத்து மாலை ஆறு மணிக்குள் அச்சகத்துக்கு அனுப்பியாக வேண்டும். பழைய கணினி ஒவ்வொரு படத்துக்கும் உறைந்து நின்று, போன முறை தாமதமாகி, இந்த முறையும் ஆனால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாகப் பதிப்பாசிரியர் சொல்லிவிட்டார். இந்த வீட்டில் வருமானம் என்று ஒன்று வருவது அந்த வேலையிலிருந்துதான்.

வெளியே மழை. ஜன்னல்களைச் சாத்தியிருந்ததால் பகலிலேயே அறை மங்கிக் கிடந்தது. மறுபடியும் பசை வைத்தாள். மறுபடியும் அணைந்தது. உதிரிபாகக் கடைக்காரரை அழைத்தாள்.

"அண்ணே, பேஸ்ட் காணாமப் போகுதுண்ணே."

"காணாமப் போக அதென்ன கால் முளைச்சதா, தங்கச்சி? திருகை நல்லா இறுக்கு. இரு, கடையில ஆள் நிக்குது. மெசேஜ் போடுறேன்."

அவர் தட்டச்சு செய்ய மாட்டார்; பேசினால் போன் எழுதிக்கொள்ளும். பேஸ்ட் என்று எல்லோரும் சொல்வதைப் பசை என்று சொல்வதில் அவருக்கு ஒரு பெருமை. செய்தி வந்தது: 'பசி பத்தலைன்னா சூடாகும். பசி அடங்குற வரைக்கும் வைக்கணும். பயப்படாதே.'

ஒரு எழுத்துப் பிழை. அவ்வளவுதான். போனைக் கவிழ்த்து வைத்தாள்.

குழாயில் மிச்சமிருந்ததைப் பிதுக்கி வைத்து, மின்சாரமே கொடுக்காமல், காதைப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்துக் கேட்டாள். விசிறி ஓடவில்லை. மழைச் சத்தத்துக்கு அடியில், மிக மெல்ல, ஈரமாக, பூனை பால் குடிப்பதுபோல் ஒரு சத்தம்.

கழற்றினாள். பளபள.

அவசரத்தில் ஹீட் சிங்க்கின் தகடு கட்டைவிரலைச் சீவிவிட்டது. வெங்காயச் சருகளவு தோல், ரத்தத்தோடு பிராசசர் மேல் ஒட்டிக்கொண்டது. துடைக்கத் துணியை எடுத்தவள், நிறுத்தினாள். ஏன் நிறுத்தினோம் என்று யோசிக்க அவளுக்குப் பிடிக்கவில்லை. அப்படியே மூடி, பொத்தானை அழுத்தினாள்.

ஓடியது. பக்கங்கள் திறந்தன. படங்கள் உறையாமல் வந்து விழுந்தன. ஒரு பாடம் முழுவதையும் முடித்துவிட்டாள். பிறகு சூடு ஏறியது. அணைந்தது. கழற்றிப் பார்த்தால் தோலும் இல்லை. ரத்தமும் இல்லை.

அவள் திரும்பி, சோபாவுக்கு முன்னால் கிடந்த நாளிதழைப் பார்த்தாள்.

"அதை எங்கே எடுத்துட்டுப் போறே?" என்றான் கணவன்.

"குப்பையில போட."

சமையலறையில், முகத்துக்குப் பூசும் களிம்பில் அந்தக் குதிகால் துருவலைக் குழைத்தாள். மஞ்சள் நிறத்தில், புழுங்கிய காலுறை நாற்றத்தோடு, விரலிடுக்கில் நொறுநொறுவென்று நெருடியது. முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆனாலும் கட்டியில்லாமல் குழைத்தாள். பள்ளங்களில் காற்று சிக்கக் கூடாது அல்லவா?

வைத்த உடனே அணைந்தது.

கழற்றினாள். பிராசசரின் ஓரத்தில் அந்தத் துருவல் முழுவதும் சின்னக் குவியலாக ஒதுக்கப்பட்டிருந்தது. நனைந்திருந்தது. மேலே நுரை.

துப்பியிருக்கிறது.

பிடிக்கவில்லை. செத்த தோல் பிடிக்கவில்லை.

மணி ஐந்தைத் தாண்டியிருந்தது. மழை விட்டிருந்தது. அறை அமைதியாக இருந்தது. அந்த வாய் நாற்றம் இப்போது அறை முழுவதும். அவள் குவியலை வழித்துப் போட்டாள். ஹீட் சிங்க்கைத் திரும்ப வைக்கவில்லை. இடது கட்டைவிரலை, காயம் பட்ட பக்கம் கீழே இருக்க, பிராசசர் மேல் அழுத்தினாள். வலது கையால் பொத்தான்.

சுட வேண்டும். கொப்புளம் கிளம்ப வேண்டும்.

சுடவில்லை.

வெதுவெதுப்பு. பிறகு ஒரு பிடி. பல் முளைக்காத ஈறு கவ்வுவதுபோல். விட்டு விட்டு. இழுத்து இழுத்து.

வலது கையால் சுட்டியை நகர்த்தினாள். ஒரு பக்கம். அடுத்த பக்கம். ஒரு படம்கூட உறையவில்லை.

வேகம் குறைவதுபோல் தோன்றியபோது விரலை எடுத்துப் பார்த்தாள். ரேகைகள் இல்லை. நுனி வெளுத்து, வழவழவென்று, சப்பித் துப்பிய கொட்டைபோல் இருந்தது. நகம் ஆடியது. திரையில் சூட்டைக் காட்டும் எண் ஏறத் தொடங்கியது. சட்டென்று ஆள்காட்டி விரலை வைத்தாள். இறங்கிவிட்டது.

"சரியாயிடுச்சா?" கணவன் குனிந்து பெட்டிக்குள் எட்டிப் பார்க்க வந்தான்.

"ஆயிடுச்சு. கையைக் கழுவிட்டு வாங்க."

"எதுக்கு? என்ன பிரச்சனைன்னு கண்டுபிடிச்சியா?"

கண்டுபிடித்துவிட்டாள். பசை வேண்டாம். ஹீட் சிங்க்கும் வேண்டாம். தோல் வேண்டும், உடம்பை விட்டுப் பிரியாத தோல். ஒரு விரல் தேய்ந்தால் அடுத்த விரலை வைக்க வேண்டும், அவ்வளவுதான். அப்படி வைத்துக்கொண்டே இருந்தால் வெப்பம் முப்பத்தேழு டிகிரியில், மனித உடம்பின் சூட்டில், நிற்கும். அதற்கு மேல் ஏறாது.