நிறுத்தினால் எரியும்

"கையை எடும்! அதை அப்பிடிச் சுத்தக்கூடாது..."

துஷாந்தி பழைய புரொஜெக்டரின் கைபிடியை விட்டுவிட்டுத் திடுக்கிட்டுத் திரும்பினாள். அட... அதே கண்கள்! அக்காவின் கலியாணத்தில் நாள் முழுக்கக் கமராவுக்குப் பின்னால் நின்று அவளைத் துரத்திய கண்கள். வீடியோக்காரன் ஜெயரூபன்!

மழைக்கு ஒதுங்க வந்த இடத்தில் இவனா? புங்குடுதீவின் பழைய கல்வீடொன்றில் கமராக்களையும் புரொஜெக்டர்களையும் காட்சிக்கு வைத்துத் திரைப்பட நூதனசாலை திறந்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டிருந்தாள். ஆனால் இவன் இருப்பான் என்று யார் கண்டது?

"நீங்கள் இஞ்சை என்ன செய்யிறியள்?"

"ஞாயிறிலை வாற ஆக்களுக்கு மிசினுகளைக் காட்டுறனான்."

"நல்லதாப் போச்சு. உங்களோடை எனக்கொரு வழக்கிருக்கு. வீடியோவிலை அக்காவை விட, தோழியா நிண்ட நான்தான் கூட நேரம் நிக்கிறன். கனடா மாமி, இதிலை கலியாணப் பொம்பிளை ஆரெண்டு கேட்டவ!"

அவன் காது சிவந்தது. "கமரா... சில நேரம் தானாத் திரும்பும்."

"தானாவோ!"

சிரிப்பைக் கஷ்டப்பட்டு அடக்கிக்கொண்டாள். வெளியே மழை வலுத்தது. அவன் புரொஜெக்டரின் விளக்கைப் போட்டு, கைபிடியை மறுபடி அவளிடம் தந்தான்.

"மெதுவாச் சுத்தும். பாதியிலை மட்டும் நிப்பாட்டக்கூடாது. விளக்குச் சூட்டிலை பிலிம் எரிஞ்சுபோம்."

சுவரில் படகொன்று ஆடி ஆடி வந்தது. அவனோ படகைப் பார்க்கவில்லை... அவளைத்தான் பார்த்தான். அவள் சுற்றுவதை நிறுத்தாமல் யோசித்தாள். சொல்லிவிடலாமா?

"உங்கடை வீடியோவைப் பாத்து எனக்கு லண்டனிலையிருந்து சம்பந்தம் வந்திருக்கு. இண்டைக்கு அப்பாவுக்கு மறுமொழி சொல்லவேணும்."

அவன் முகம் வாடியது. விளக்கை அணைத்தான்.

"நல்ல இடம்... ஓமெண்டு சொல்லும். நான் வீடு வீடாக் கமரா தூக்கிறவன். எனக்கென்ன தகுதி இருக்கு?"

இவ்வளவுதானா? கண்ணால் அத்தனை சொன்னவனுக்கு வாயில் என்ன கொழுக்கட்டையா? கோபம் பொத்துக்கொண்டு வந்தது அவளுக்கு.

"சரி. அந்தக் கலியாணத்துக்கும் நீங்கள்தான் வீடியோ எடுக்கவேணும்."

"ஏலாது."

"ஏன்?"

அவன் குனிந்து ரீலைக் கழற்றப் போனான். அவள் குறுக்கே கை வைத்தாள்.

"நிப்பாட்டினால் எரிஞ்சுபோமெண்டு இப்பதானே சொன்னனீங்கள்? பிறகேன் பாதியிலை நிக்கிறியள்?"

அவன் நிமிர்ந்தான். கண்கள் கலங்கியிருந்தன.

"உம்மை எனக்குப் பிடிச்சிருக்கு, துஷாந்தி. கமராவிலை பாத்த அண்டைக்கே பிடிச்சிட்டுது. உம்மடை கலியாணத்துக்கு நான் வீடியோ எடுக்க ஏலாது... மணவறையிலை உமக்குப் பக்கத்திலை இருந்துகொண்டு எப்பிடிக் கமரா பிடிக்கிறது?"

மழை எப்போதோ விட்டிருந்தது. இருவருமே கவனிக்கவில்லை.

"அப்பாவோடை நான் கதைக்கிறன்," என்றாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "நீங்கள் வேறை வீடியோக்காரனைப் பாருங்கோ. ஆனா... கலியாணப் பொம்பிளையை மட்டும் எடுக்கிறவனாப் பாருங்கோ!"