அம்சாவின் கன்றும் நான் தோண்டிய குழியும்

பொங்கல் லீவு வரைக்கும் ஆறாம் வகுப்பில் நான்தான் முதல் ரேங்க். லீவு முடிந்து பள்ளிக்கூடம் திறந்தபோது அம்சா வந்து சேர்ந்தாள். அவளுடைய அப்பா பஸ் கண்டக்டர். திண்டிவனத்திலிருந்து விழுப்புரத்துக்கு மாற்றல் ஆகியிருந்தார். அந்த மாதத் தேர்வில் அவள் என்னைவிட நான்கு மார்க் அதிகம் வாங்கினாள்.

நான்கு மார்க் என்றால் சும்மாவா? அதற்குப் பிறகு அவள் என்ன செய்தாலும் எனக்குப் பிடிக்கவில்லை. அவள் எழுத்து முத்துமுத்தாக இருந்தது, பிடிக்கவில்லை. கடலை மிட்டாய் போல மல்லாட்டை உருண்டை கொண்டுவந்து எல்லோருக்கும் கொடுத்தாள், அதுவும் பிடிக்கவில்லை. ஆனால் எனக்குக் கொடுத்ததை வாங்கித் தின்றுவிட்டேன்.

எல்லாவற்றையும்விட மோசம், வாயைத் திறந்தால் "திண்டிவனத்துல நாங்க..." என்று ஆரம்பிப்பாள்.

மார்ச் மாதம் ஒருநாள் ராஜாமணி டீச்சர் வகுப்பில் சொன்னார்: "வர்ற வியாழக்கிழமை மார்ச் இருபத்தொண்ணு. உலக வன நாள். உலகம் பூரா அன்னைக்கு மரத்தைப் பத்தி நினைப்பாங்க. நம்ம ஸ்கூல்லயும் கன்னு நடப்போறோம். நடறதுக்கு ஒரு பெரிய ஆபீசர் வர்றாரு."

நான் எழுந்து நின்றேன். "டீச்சர், போன வருசமும் நட்டோமே. அந்த மரம் எங்க டீச்சர்?"

"அது வெயில்ல காஞ்சிபோச்சு."

"அதுக்கு முந்தின வருசம் நட்டது?"

"அதுவும்தான்."

"அதுக்கும் முந்தின..."

"லூர்துமேரி, உக்காரு!"

வகுப்பே சிரித்தது. டீச்சர் சிரிக்கவில்லை. ஜன்னல் வழியாக மைதானத்தைக் காட்டினார். "நம்ம ஸ்கூல்ல ஒத்தை மரம் இருக்குதா, பாருங்க. பிரேயர்ல வாரத்துக்கு ஒரு சின்னப் புள்ளை மயக்கம் போட்டு விழுது. அதனாலதான் விடாம நடறோம்."

பிறகு முக்கியமான விஷயத்துக்கு வந்தார். "ஆபீசர் கையில கன்னை எடுத்துக் குடுக்கறதுக்கு ஒரு பொண்ணு வேணும். ஃபோட்டோ புடிப்பாங்க. தகரப் பலகையில பேரு எழுதி வெப்போம்."

நான் பின்னலைச் சரிசெய்துகொண்டேன்.

"அம்சா, நீ குடு" என்றார் டீச்சர். "லூர்து, உனக்குத்தான் கை பலம். நீ கண்ணையனோட சேந்து குழி தோண்டு."

எனக்கு வயிறு எரிந்தது. அவள் பூப்போல வந்து கன்றைக் கொடுப்பாளாம், நான் மண்வெட்டி பிடிக்க வேண்டுமாம். கை பலமாக இருப்பது என் குற்றமா?

புதன்கிழமை மாலை பியூன் கண்ணையன் என்னை மைதானத்தின் ஓரத்துக்குக் கூட்டிப்போனார். அங்கே காய்ந்த குச்சி ஒன்று நின்றது.

"இதே குழிதான் பாப்பா. வருசா வருசம் இதுலதான் நடறோம். மண்ணு பொலபொலன்னு இருக்கும், கஷ்டமே இல்ல" என்றார்.

"வேற எடத்துல தோண்டக் கூடாதா?"

"இந்தத் தரை பாறை மாதிரி கெடக்குது. பங்குனி வெயில்ல எவன் புதுசா வெட்டறது? பேஜாரு!"

குச்சியைப் பிடித்து இழுத்தேன். அடியில் மண்கட்டியோடு வந்தது. கட்டியைச் சுற்றிக் கறுப்பு பிளாஸ்டிக் பை. இன்னும் தோண்டினேன், கிழிந்துபோன இன்னொரு பை. அதற்கும் கீழே ஒன்று. மொத்தம் மூன்று பைகள்.

கடைசியாக நட்டதன் பையைப் பிய்த்துப் பார்த்தேன். வேர் வெளியே போக வழியில்லாமல் உள்ளுக்குள்ளேயே இடியாப்பம் போலச் சுருண்டு கிடந்தது.

என் அப்பா இருதயராஜ் தோப்பு வேலைக்குப் போகிறவர். கன்று நடும்போது முதலில் பையைப் பிளேடால் கிழித்து எறிவார். கூடப் போய் நானே பார்த்திருக்கிறேன். இங்கே மூன்று வருடமாக ஒருவரும் பையைக் கிழிக்கவில்லை.

"தூக்கிப் போடு பாப்பா" என்றார் கண்ணையன். மூன்று பைகளையும் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போட்டேன். நாளைக்கு டீச்சரிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். நிஜமாகத்தான் நினைத்தேன்.

மறுநாள் அம்சா மஞ்சள் பாவாடையும் கனகாம்பரமுமாக வந்தாள். எனக்குச் சொல்லும் ஆசையே போய்விட்டது.

ஆபீசர் ஜீப்பில் வந்து இறங்கினார். எங்கள் தலைமை ஆசிரியர் பாண்டுரங்கன் சார் அவரைவிட அதிகமாக வியர்த்திருந்தார். "ஜல்தி, ஜல்தி! அய்யா பதினோரு மணிக்குத் திண்டிவனத்துல இருக்கணும். அங்க ஒரு ஸ்கூல்லயும் நடறாரு!"

அம்சா புங்கங்கன்றை எடுத்துக் கொடுத்தாள். ஃபோட்டோகிராபர், "இப்படிப் பாருங்க, சிரிங்க!" என்றார். ஆபீசர் சிரித்துக்கொண்டே கன்றைக் குழிக்குள் வைத்தார். பையோடு வைத்தார். சார் மண்ணைத் தள்ளினார். எல்லோரும் கை தட்டினார்கள்.

சார், பையைக் கிழிக்கல. மூன்றே வார்த்தைதான். தொண்டை வரைக்கும் வந்தது.

அந்த நேரத்தில் கண்ணையன் தகரப் பலகையை நட்டார். 'கன்று வழங்கியவர்: து. அம்சா, ஆறாம் வகுப்பு' என்று நீல மையில் எழுதியிருந்தது. குழி தோண்டியவர் பெயர் எங்கும் இல்லை.

வாயை மூடிக்கொண்டேன். 'வாடட்டும். அப்புறம் அந்தப் பலகையில் பேர் மட்டும் நிற்கட்டும்' என்று நினைத்தேன். அப்படி நினைத்தது எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

ஒரு வாரத்தில் இலைகள் தொங்கின. அம்சா காலையில் எல்லோருக்கும் முன்னால் வந்து பம்பில் தண்ணீர் அடித்து, குடத்தில் சுமந்து ஊற்றினாள். உள்ளங்கையில் கொப்புளம் வந்தது. கன்று மேலும் வாடியது. "திண்டிவனத்துக் கை! தொட்டா பட்டுப்போயிடும்!" என்று பையன்கள் கேலி செய்தார்கள். நானும் சிரித்தேன்.

ஏப்ரல் முதல் வாரத்தில் கன்றின் பக்கத்தில் ஒரு குச்சி நட்டு, அதில் குடை ஒன்று கட்டியிருந்தது. அன்று மதியம் அம்சா வெயிலில் வெறுந்தலையோடு வீட்டுக்குச் சாப்பிடப் போனாள்.

"உன் குடையா அது?" என்று கேட்டேன்.

"ஆமா. அப்பா கேட்டாரு. தொலைஞ்சிபோச்சுன்னு சொல்லி நல்லா திட்டு வாங்கிக்கினேன்." அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "லூர்து, ஒண்ணு கேக்கட்டா? நாளைலேருந்து நீ தண்ணி ஊத்தறியா? என் கை ராசியில்ல போலருக்குது. நீ தோண்டுன குழிதானே, நீ ஊத்துனா புடிச்சுக்கும்."

"பாக்கலாம்" என்று சொல்லிவிட்டு நடந்தேன்.

வீட்டில் கேப்பைக் கூழைக் குடிக்காமல் கையால் அளைந்துகொண்டே இருந்தேன். அவளுக்குக் கை ராசி இல்லை என்று அவளே நம்புகிறாள். அது பொய் என்று தெரிந்தவள் உலகத்திலேயே நான் ஒருத்திதான். பிரேயரில் நேற்று மயங்கி விழுந்த ஒன்றாம் வகுப்புக் குழந்தையின் முகமும் நினைவுக்கு வந்தது. அம்சாவின் மேல் இருந்த பொறாமை அப்போதும் போகவில்லை. ஆனால் கன்று என்ன பாவம் செய்தது?

மறுநாள் விடிந்ததும் அப்பாவின் பிளேடை எடுத்துக்கொண்டு ஓடினேன். பள்ளிக்கூடத்தில் யாரும் இல்லை. மண்ணைக் கையாலேயே தள்ளினேன். கன்றை மெதுவாகத் தூக்கினேன்.

"அடிப்பாவி!"

குடத்தோடு அம்சா நின்றாள். பின்னாலேயே கண்ணையன். என் கையில் பிடுங்கிய கன்று. பார்க்கிறவர்கள் வேறு என்ன நினைப்பார்கள்?

"எனக்குத் தெரியும்டி! உனக்கு என்மேல பொறாமை! அதுக்கு இதையா புடுங்குவ?" அம்சா குடத்தைப் போட்டுவிட்டு அழுதாள்.

சத்தம் கேட்டு டீச்சரும் தலைமை ஆசிரியரும் வந்துவிட்டார்கள். "ஆபீசர் நட்ட கன்னைத் தொட்டது யாரு?" என்று சார் இரைந்தார்.

"நான்தான் சார். ஒரு நிமிசம் சார்." கன்றைக் கீழே வைத்து அடிப்பக்கத்தைக் காட்டினேன். "பையைக் கிழிக்காம நட்டுட்டோம் சார். நாம ஊத்தற தண்ணி உள்ள போகல. வேரும் வெளிய வர முடியல. போன வருசமும் இப்படித்தான்." ஓடிப்போய்த் தொட்டிக்குப் பின்னாலிருந்து மூன்று பழைய பைகளையும் எடுத்துவந்து வரிசையாக வைத்தேன்.

சார் பைகளைப் பார்த்தார். டீச்சர் சாரைப் பார்த்தார். கண்ணையன் வானத்தைப் பார்த்தார்.

"அப்ப மூணு வருசமா நாமளேதான்..." என்று டீச்சர் பாதியில் நிறுத்தினார்.

அம்சா அழுகையை நிறுத்தியிருந்தாள். "இது உனக்கு எப்பத் தெரியும்?" என்று கேட்டாள்.

'இன்றைக்குத்தான் தெரியும்' என்று சொல்லியிருக்கலாம். யாருக்கும் சந்தேகம் வந்திருக்காது.

"நடறதுக்கு முந்தின நாளே தெரியும். வேணும்னேதான் சொல்லல. உன் பேரு பலகையில இருந்துதுல்ல, அதான். உன் கையில ஒரு கொறையும் இல்ல, அம்சா."

எனக்கு அழுகை வந்தது. அடக்கிக்கொண்டு பையைப் பிளேடால் கிழித்தேன். வேர் இன்னும் முழுதாகச் சுருளவில்லை. கன்றை மறுபடி குழியில் வைத்தேன். மண்ணைத் தள்ள நான் கை நீட்டியபோது அம்சாவும் எதிரில் உட்கார்ந்து தள்ளினாள். ஆனால் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

அன்றும் பேசவில்லை, மறுநாளும் பேசவில்லை. பத்து நாள் அவள் காலையில் தண்ணீர் ஊற்றினாள், நான் மாலையில் ஊற்றினேன். பதினோராம் நாள் பிரேயருக்கு முன்னால் என் கையைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போனாள். தண்டின் நுனியில் நகத்தளவு ஓர் இலை, இளஞ்சிவப்பாகப் பளபளவென்று இருந்தது.

"உனக்கு நாலு மார்க் வேணும்னா எடுத்துக்கோ, போ" என்றாள். அதுதான் அவள் பேசிய முதல் வார்த்தை.

"ஒண்ணும் வேணாம். நானே எடுப்பேன்" என்றேன்.

அன்று மாலையே அம்சா தன் பழைய திண்டிவனம் தோழி பொன்னிக்கு ஒரு போஸ்ட்கார்டு போட்டாள். 'அதே ஆபீசர், அதே நாள், அங்கேயும் நட்டார்களே. உடனே தோண்டிப் பார்' என்று எழுதினாள். ஐந்தாம் நாள் பதில் வந்தது. 'தோண்டினோம். பை இருந்தது. கிழித்துவிட்டோம். சார் ஒரு நாள் பூரா யாரையும் திட்டவில்லை.'

மே மாத லீவில் நாங்கள் முறை போட்டுக்கொண்டு வந்து தண்ணீர் ஊற்றினோம். ஐப்பசி மழைக்குப் பிறகு கன்று எங்கள் தோளுக்கு வந்தது. தகரப் பலகையில் அம்சாவின் பெயருக்குக் கீழே யாரோ கரியால் 'குழி: இ. லூர்துமேரி' என்று எழுதிவைத்திருந்தார்கள். யார் என்று கேட்டால் அம்சா பேச்சை மாற்றிவிடுவாள்.

மறு வருடம் மார்ச் மாதம் வந்தது. உலக வன நாளுக்கு முந்தின மாலை கண்ணையன் கடப்பாரையோடு மைதானத்துக்கு வந்தார். பழக்க தோஷத்தில் நேராக அந்தக் குழியிடம் போனார். அங்கே அவர் உயரத்துக்குப் புங்கமரம் நின்றது. அதன் துளி நிழலில் இரண்டு சின்னப் பிள்ளைகள் உட்கார்ந்து சோழி ஆடிக்கொண்டிருந்தார்கள்.

கண்ணையன் என்னையும் அம்சாவையும் பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டார். "போச்சுடா! உங்களால இந்த வருசம் எனக்குப் புதுக்குழி வெட்டற வேலை!"

நானும் அம்சாவும் ஆளுக்கொரு மண்வெட்டி எடுத்தோம். தரை நிஜமாகவே பாறைதான். இருட்டுவதற்குள் இரண்டு குழி முடித்தோம். அளந்து பார்த்தால் என் குழியைவிட அவள் குழி ஒரு சாண் ஆழம்.

எனக்கு வயிறு எரிந்தது. மறுபடி மண்வெட்டியைக் கையில் எடுத்தேன்.