முதல் பால்

படிக்கட்டைப் பார்க்க வேண்டுமென்றால் நகரவாசிகள் இப்போது அருங்காட்சியகத்துக்குத்தான் போக வேண்டும். அப்படி ஆக்கியதில் பூங்கோதைக்குப் பெரும் பங்குண்டு. குடியிருப்பவரின் உடலுக்கு இசைந்து மாறும் இசைவீடு எல்லோருக்கும் வேண்டும் என்று சக்கர நாற்காலியில் தெருத்தெருவாகப் போய்ப் பேசியவள் அவள்.

இசைவீட்டின் உயிர் அதன் உணர்தரை. உள்ளே வருபவரின் நடையையும் நாடியையும் படித்து, கதவின் அகலத்தையும் சமையல் மேடையின் உயரத்தையும் அவருக்கேற்ப மாற்றிவிடும். இன்றைய உடலுக்கு மட்டுமல்ல, இன்னும் சில ஆண்டுகளில் வரப்போகும் உடலுக்கும். அந்த விதிக்காக மாநகர மன்றத்தில் மல்லுக்கு நின்றவளும் பூங்கோதைதான். விழுந்த பிறகு வீடு தேடும் கொடுமை யாருக்கும் வேண்டாம், விழுமுன்பே வீடு காத்திருக்கட்டும் என்றாள். மன்றம் கைதட்டியது.

இன்று அவளும் தம்பி ஆதனும் தங்கள் முதல் இசைவீடான புது வாடகை வீட்டில் பால் காய்ச்ச வந்திருந்தார்கள். முன்பெல்லாம் நாற்காலியைக் கண்டதுமே வீட்டுக்காரர்களின் முகம் மாறிவிடும். இந்த வீட்டுக்காரி சற்குணம் அம்மாளோ சிரித்த முகத்தோடு வரவேற்றாள். ஒரே ஒரு நிபந்தனைதான்: ஒவ்வொருவராக உள்ளே வர வேண்டும், பால் பொங்கும்வரை தானும் பக்கத்தில் நிற்பாள். இப்போதெல்லாம் வீட்டுக்காரர்கள் அப்படி நிற்பதைப் பூங்கோதை மரியாதை என்றே நினைத்திருந்தாள்.

சின்ன வயதில் அக்காவை முதுகில் சுமந்து மாடியேறிய ஆதன், வலது காலை எடுத்து வைத்து உள்ளே போனான். பால் சட்டியை அடுப்பில் ஏற்றினான். சற்குணத்தின் கண் பாலில் இல்லை, மேடையில் இருந்தது.

மேடை மெல்லத் தாழ்ந்தது. அவன் இடுப்பைத் தாண்டி, நாற்காலியில் உட்கார்ந்தவருக்கு எட்டும் உயரத்தில் வந்து நின்றது. அறைக் கதவுகள் அகன்றன.

ஆதன் சிரித்தான். "அக்கா, நீ வாசலுக்கு வந்ததுக்கே வீடு என்னமா மரியாதை குடுக்குது பாரு."

பூங்கோதை குனிந்து பார்த்தாள். அவள் சக்கரங்கள் இன்னும் வாசலுக்கு வெளியேதான் இருந்தன. உணர்தரை உள்ளேதான் தொடங்குகிறது. வீட்டுக்குத் தெரிந்தது ஒரே ஓர் உடல்.

சற்குணம் அவளருகே வந்து குரலைத் தாழ்த்தினாள். இவர்களுக்கு முன்னே வந்த இரண்டு குடும்பத்தையும் இப்படி மேடை தாழ்ந்ததைப் பார்த்துத்தான் திருப்பி அனுப்பியதாகச் சொன்னாள். தெருவில் எல்லா வீட்டிலும் இதுதான் வழக்கமாம்.

"நீ தாராளமா இரும்மா. உனக்கு வந்தது வந்தாச்சு. தம்பிக்கு இனிமேதான். நாளைக்குப் படுத்துட்டா வாடகைக்கு யாரைக் கேக்கிறது? தெரிஞ்சே எப்படிம்மா வீடு குடுக்கிறது?"

உள்ளே ஆதனின் சிரிப்பு நின்றிருந்தது. அவன் தன் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பால் பொங்குவதைப் பூங்கோதை வாழ்நாளில் கண்டதில்லை. இதுவரை குடியிருந்த எந்தப் பழைய வீட்டிலும் அடுப்பு அவள் கண்ணுக்கு மேலேயே இருந்தது. இன்று வாசலிலிருந்தே தெரிந்தது: வெள்ளை நுரை விளிம்பேறி, வழிந்து, தம்பிக்காகத் தாழ்ந்த மேடையில் பரவிக்கொண்டிருந்தது.